மூன்று கோணங்கள்

சின்னத்திரை நடிகைகளுக்கான தேசிய விருதை, போன ஆண்டு வாங்கியவரே இந்த ஆண்டு வாங்குபவரின் கையில் கொடுப்பது முதல் விழாவிலிருந்தே வழக்கம். போன ஆண்டு வாங்கியவள் ஒரு தொடரில் மருமகளாக நடித்த இந்துஜா. இந்த ஆண்டு, அதே தொடரில் அவளை நிஜமாகவே அறைந்து இடது காதைச் செவிடாக்கிய, மாமியாராக நடித்த வத்சலா. மேடைத் திரையில் அந்த அறை மூன்று கோணங்களில் மூன்று முறை விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் அரங்கம் கைதட்டியது. வத்சலா அவளைக் கட்டிக்கொண்டு அந்த இடது காதில், "அன்னைக்கு வேணும்னேதான் ஓங்கி அறைஞ்சேன். மன்னிச்சிடும்மா" என்றாள். இந்துஜாவுக்கு மூச்சின் சூடு மட்டும் தெரிந்தது. கொடுக்கவிருந்த விருதின் வெண்கலச் சிலையை இரு கைகளாலும் தூக்கி வத்சலாவின் நெற்றியில் இறக்கினாள். நடிப்பென்று நினைத்து அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. இந்துஜா இரண்டாவது முறை ஓங்கினாள்.