அச்சேறிய பெயர்

அவள் குனிந்து படித்தாள். மறுபடியும் படித்தாள்.

வெள்ளை அட்டை. நடுவில் கறுப்பு எழுத்தில் ஒரே ஒரு சொல்.

முகிழினி.

அதன் கீழே, பொடி எழுத்தில்: கையால் வனைந்த பூக்குடுவைகள். பவானி, புதுச்சேரி.

அடுத்த மேடையிலும் அதே அட்டை. அதற்கடுத்ததிலும்.

கண்காட்சிக் கூடத்துக்குள் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். கடற்கரைச் சாலையில் இப்படியொரு இடம் கிடைக்க மற்றவர்கள் வருடக்கணக்கில் அலைவார்கள். ஞாயிறு இணைப்பில் அவள் குடுவைகளின் படம் வந்த பிறகு கூடத்துக்காரர்களே தேடி வந்து கொடுத்திருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு சக்கரம், ஒரு சின்னச் சூளை. அங்கிருந்து இவ்வளவு தூரம்.

வனைவது மட்டும்தான் அவள். மற்றதெல்லாம் அவள் கணவன் செழியன். விளக்கு, மேடை, அழைப்பிதழ், அட்டை.

“நீ வந்து நின்னா போதும்” என்றிருந்தான்.

வந்து நின்றாள்.

ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டவள் முகிழினி. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பகல் இருந்தாள். அந்தப் பகலில்தான் இருவரும் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அவளுக்குப் பெயர் வைத்தார்கள். எந்தக் காகிதத்திலும் அது ஏறவில்லை. தன்னைப் பெற்ற அம்மாவிடம்கூட அவள் அதைச் சொன்னதில்லை. பக்கத்தில் யாரும் இல்லாதபோது அவனும் அவளும் மட்டும் சொல்லிக்கொள்ளும் பெயர்.

கைத்தறிச் சேலை கட்டிய பெண்மணி ஒருத்தி அவள் தோளைத் தொட்டாள்.

“மேடம், எனக்கு இந்த மகிழினில ரெண்டு வேணும். ஒரே சைஸ்ல.”

“முகிழினி.”

திருத்தியது தன் குரல்தான் என்பது சற்றுத் தாமதமாகவே அவளுக்குப் புரிந்தது. வெளியாள் காதுபட அதை அவள் சொன்னது அதுவே முதல் தடவை.

“ஆங், அதான். ரெண்டு கிடைக்குமா? வாசல்ல செருப்பு ஸ்டாண்டு மேல வெச்சா எடுப்பா இருக்கும்.”



செழியன் எங்கிருந்தோ வந்தான். அந்தப் பெண்மணியைச் சிரித்த முகமாக பில் போடும் மேசைக்கு அழைத்துப் போனான்.

அவன் திரும்பி வந்தபோது அவள் அட்டைகளை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

“பவானி, என்ன பண்ற? எல்லாரும் பாக்குறாங்க.”

அவள் அடுத்த மேடைக்கு நகர்ந்தாள். அவன் பின்னாலேயே வந்தான்.

“அவ பேரு எங்கயாச்சும் இருக்கட்டும்னுதான் போட்டேன். நமக்கப்புறம் அதச் சொல்ல யாரு இருக்கா?”

அவன் கண் கலங்கியிருந்தது. பொய்யாக இல்லை. அவனும் தகப்பன்தான். காசுக்காகச் செய்தான் என்று நினைக்க முடிந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா வேணாம்னு சொல்லியிருப்ப.”

கூடம் திடீரென்று வெகு வெளிச்சமாக இருப்பதுபோல் இருந்தது. ஒவ்வொரு குடுவைக்கும் நேர் மேலே ஒரு விளக்கு. அவள் கையில் கடைசி அட்டை. வழவழப்பான, விலையுயர்ந்த தாள். அவன் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருப்பான்.

“இனிமே நான் அவள என்னன்னு கூப்பிடுறது?”

அவன் வாயைத் திறந்தான்.

அதற்குள் பில் மேசையிலிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள்.

“ஒரு நிமிஷம்” என்றான், அவளிடம்.