சர்வர் இருக்கும் ஊர்

உலகத்தின் கடைசி மூடநம்பிக்கையை இன்று தன் கையாலேயே ஒழிக்கப்போவதாக, பிளஸ் டூ முடித்த நன்மாறன் பிரவுசிங் சென்டரில் எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தான். கல்லூரி விண்ணப்பத்துக்கு அன்று வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிதான் கடைசி. ராகு காலம் முடிவதும் பன்னிரண்டுக்குத்தான். வேறு எந்தக் கல்லூரிக்கும் அவன் போட்டிருக்கவில்லை.

"ராகு காலத்துல மட்டும் அமுக்கிடாதடா தம்பி" என்று அம்மா போனில் கெஞ்சினாள்.

"உன் ராகு ஆன்லைன்லயெல்லாம் வருவாராம்மா?" என்று கேட்டுவிட்டு வைத்தான்.

ரோபோ இல்லை என்று நிரூபிப்பதிலேயே இரண்டு தடவை தோற்று, ஒருவழியாகக் கடைசிப் பக்கத்துக்கு வந்தான். 'சமர்ப்பித்த பின் எதையும் மாற்ற முடியாது. சம்மதமா?' என்றது திரை. அம்புக்குறி 'ஆம்' மேல் நின்றது. விரல் இறங்கவில்லை.

"அமுக்குப்பா, அஞ்சு நிமிஷந்தான் இருக்கு" என்றாள் சென்டர் நடத்தும் அக்கா.

"அக்கா, இந்த சர்வர் எந்த ஊர்ல இருக்கு?"

"யாருக்குத் தெரியும்? அமெரிக்காவா இருக்கும். ஏன்?"

"சும்மாதான்."

அவள் நகர்ந்ததும் நன்மாறன் இன்னொரு பக்கத்தைத் திறந்து, 'அமெரிக்காவில் இன்று ராகு காலம்' என்று சத்தமில்லாமல் தட்டினான்.