ஜாவாவின் பெருமை

மழைக்குப் பேர்போன பெர்கன் நகரத்தில் அன்று மழை பெய்யவில்லை. அதைவிடப் பெரிய அதிசயம், அலுவலகத்தில் சிந்த்ரேயும் ராக்ன்ஹில்டும் குரலை உயர்த்திப் பேசினார்கள்.

ஒரு படகுக் கம்பெனிக்கு மென்பொருள் வேண்டும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓட வேண்டும். ஆகஸ்டில் கொடுத்தாக வேண்டும். நாடே விடுமுறைக்கு மலைக்குடிலுக்குக் கிளம்பிவிடும் ஜூலையில் யாராவது ஒருவர் இங்கே உட்கார்ந்து அதை எழுத வேண்டும். எந்தக் கணினி மொழியில் எழுதுவது என்பதில்தான் சண்டை.

"ஜாவாதான். ஒரு தடவை எழுதினா மூணுலயும் ஓடும்," என்றான் சிந்த்ரே.

"ஓடாது, தவழும். ஜன்னல் திறக்கறதுக்குள்ள படகு அக்கரைக்குப் போயிடும். சி பிளஸ் பிளஸ்ல எழுதினா பறக்கும்," என்றாள் ராக்ன்ஹில்ட்.

"பறந்து, மெமரி கசிஞ்சு, முங்கும். படகுக்காரங்களுக்குப் போய் கசியற சாமானை விப்பியா? ஜாவா தன் குப்பையைத் தானே கூட்டிக்கும். உன் மேஜையைவிட சுத்தம்."

மேலாளர் டோர்கெய்ர் மூன்றாவது காபியை முடித்தார். ராக்ன்ஹில்ட் பெருமூச்சு விட்டாள்.

"சரி, ஒத்துக்கறேன். ஜாவாவே இருக்கட்டும்."

சிந்த்ரே சட்டைப்பையிலிருந்த மலைக்குடில் சாவியைத் தடவிப் பார்த்துக்கொண்டான். பன்னிரண்டு வருடமாக அவன் எழுதுவது சி பிளஸ் பிளஸ். அந்த அலுவலகத்தில் ஜாவா எழுதுகிறவள் ராக்ன்ஹில்ட் ஒருத்திதான்.

"அப்ப ஜூலைல நீதான் இருக்கணும்," என்றார் மேலாளர் அவளிடம்.

"இருக்கலாம். ஆனா ஜாவால இவ்வளவு விஷயம் இருக்குன்னு இன்னிக்கு இவன் சொல்லித்தான் எனக்கே தெரியுது. தெரிஞ்சவன் எழுதறதுதானே முறை?"

டோர்கெய்ர் நாட்காட்டியில் ஜூலைக்கு நேரே 'சிந்த்ரே' என்று எழுதினார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது.