ஓட்டி வேண்டாத படகு

கலியாணம் முடிந்து இரண்டு மாதம். மனைவி நிலாந்திக்குத் தெரியாமல், நெடுந்தீவு, நயினாதீவு என்று பாய்ப்படகில் ஒரு வாரம் சுற்றிவரத் திட்டம் போட்டான் சஞ்சீவன். லண்டனில் இருந்தபடியே ஊர்காவற்றுறைப் படகுக்காரர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தான்.

“ஓட்டி வேண்டாம் அண்ணை. படகை மட்டும் தாங்கோ. பாய் விட நான் இஞ்ச படிச்சனான்.”

“பொம்பிளை எந்த ஊர் தம்பி?”

“நாரந்தனை. ஆழ்வாப்பிள்ளை மாஸ்ரரின்ர மகள். அதுதான் கடலுக்க ஓடுறம். கரையில நிண்டா அவவின்ர சொந்தம் விடாது. நான் இன்னும் காணாத ஒரு மாமா இருக்கிறாராம், கதைக்கத் தொடங்கினா நிப்பாட்ட ஏலாதாம்.”

“ஓம், அந்தாள் அப்பிடித்தான். எனக்கும் தெரியும்.”

“அவருக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ அண்ணை.”

“நான் போய் அவருக்குச் சொல்லமாட்டன் தம்பி. பயப்படாதையும்.”

இறங்குதுறையில் படகுக்காரரைக் கண்டதும், “மாமா” என்று ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள் நிலாந்தி.

“சொன்ன சொல்லுத் தவறேல்லைத் தம்பி,” என்றார் அவர். “மாமிக்கு மட்டும்தான் சொன்னனான்.”

படகுக்குள் மாமி கூழ்ப்பானைக்கு இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.