நாலாவது முதலாளி

பாக்கார் ஆராங் ஊர்க் கோயிலில் காஞ்சனா அர்ச்சனைத் தட்டை நீட்டினாள். “கப்பல் பேருக்குச் செய்ங்க ஐயரே, ரோகிணி நட்சத்திரம்.”

அவள் கணவன் யோகேந்திரன் அந்த உல்லாசக் கப்பலில் இஞ்சின் வேலைக்குச் சேர்ந்த நாளின் நட்சத்திரம் அது. பதினெட்டு வருடத்தில் மூன்று முதலாளிகளைப் பார்த்துவிட்டது கப்பல். ஒவ்வொருவரும் புதுப் பெயர் எழுத, இவளும் விடாமல் பெயரை மாற்றி அர்ச்சனை செய்துவந்தாள்.

“இப்ப வாங்கினவங்க என்ன பேரு வச்சிருக்காங்க?” பக்கத்தில் நின்ற கணவனிடம் கேட்டாள்.

“இன்னும் வைக்கல லா. பழைய பேரையே சொல்லு.”

“ஆளுங்க எப்படி?”

“ஒரு ஸ்குருவக்கூட வீணாக்க மாட்டாங்க.”

“அப்ப நல்லவங்கதான்! ஐயரே, கப்பலுக்கு ஆயுசு கெட்டியா இருக்கணும்னு வேண்டிக்குங்க. எங்க வீடு, புள்ளைங்க படிப்பு, எல்லாம் அது போட்ட சோறு.”

பூசை முடிந்ததும் எலுமிச்சம்பழத்தை அவன் கையில் வைத்தாள். “இஞ்சின் ரூம்ல கட்டிடுங்க. கண்ணு படாது.”

தலையாட்டினான். சன்னிதிப் பக்கம் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வாங்கியவர்கள் கப்பல் உடைப்பவர்கள். அடுத்த வாரம் அதை முழு வேகத்தில் ஓட்டி உடைப்பதற்காக அவர்களுடைய கடற்கரை மணலில் ஏற்ற வேண்டும். கூடுதல் சம்பளம் என்றதும் முதல் ஆளாகக் கை தூக்கியவன் அவன்தான்.