இரண்டு மாத ரோடு

"ரெண்டு மாசத்துல பேத்து எறியப் போற ரோட்டுக்கு இவ்ளோ கல்லு இன்னாத்துக்கு மேடம்? அடியில புடவை வேற கட்டி வுடுறீங்க!"

சூப்பர்வைசர் வெங்கடேசன் அலுத்துக்கொண்டார்.

ஒரகடத்தில் எழும்பப் போகும் தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் தோண்டிய மண்ணை லாரிகள் வெளியே கொண்டுபோக வேண்டும். அதற்காக மெயின் ரோடு வரை ஒரு தற்காலிகப் பாதை. புது இன்ஜினீயர் கார்முகில் அதில் கெட்டித் துணியை விரித்து, மேலே பெரிய ஜல்லியைக் கொட்ட வைத்திருந்தாள். ஓரத்தில் வாய்க்கால். அதன் முடிவில், கரைந்து வரும் மண் படிய ஒரு குழி.

"துணி இல்லேன்னா கல்லு மண்ணுல புதைஞ்சிடும் சார்."

"மானம் இருட்டிகினு வருது. லாரிங்க காலையிலருந்து நிக்குது. ஆபீஸ்ல என் தலையத்தான் உருட்டுவாங்க."

"நான் பதில் சொல்லிக்கிறேன். சேத்தோட ஒரு டயர் மெயின் ரோட்டுல ஏறினாலும் வேலையை விட்டுடறேன், போதுமா?"

இடது காலைச் சற்றே இழுத்தபடி அவள் முதல் லாரியை நோக்கி நடந்தாள். டிரைவர் வனமாமலை, அவளே பிடிவாதமாக வேலைக்குச் சேர்த்த ஆள். ஒரு வருஷமாக ஸ்டியரிங்கைத் தொடாதவராம்.

"ரோடு முடியட்டும் மேடம். சேத்துல எறக்க மாட்டேன், பாத்துக்கிடுங்க" என்றார் அந்தத் திருநெல்வேலிக்காரர்.

"யோவ், லாரி ஓட்ட வந்தியா, பல்லக்குல போவ வந்தியா?" என்றார் வெங்கடேசன்.

ரோலர் கடைசி ஜல்லியை அழுத்தி முடிக்கவும் மழை பிடித்துக்கொண்டது. கார்முகில் பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து முன்சக்கரத்தடியில் வைத்தாள்.

"எடுங்கண்ணே. பயப்படாதீங்க."

வனமாமலை பழத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சாவியைத் திருப்பினார்.

பழம் நசுங்கியது. லாரி கல்லின் மேல் கடகடத்து இறங்கியது. சக்கரத்தில் ஒட்டிய மண்ணெல்லாம் ஜல்லி இடுக்கிலேயே உதிர்ந்துபோக, மெயின் ரோட்டில் ஏறியபோது தார் கறுப்பாகவே இருந்தது. ஷிப்டு முடிந்த பைக்குகள் அதன்மேல் சர்ரென்று போயின.

வெங்கடேசன் டயரை விரலால் தடவிப் பார்த்தார். வெறும் தண்ணீர்.

"ஜெயிச்சிட்டீங்க மேடம்!"

கீழே இறங்கிய வனமாமலை, மழையில் நனைந்தபடி கார்முகிலைப் பார்த்துக் கைகூப்பி விம்மினார்.

"இன்னாய்யா, ஒரு லோடு அடிச்சதுக்கே அழுவுற? எங்க புடிச்சீங்க மேடம் இந்தாள?"

"கோர்ட்டுல. போன மழைக்கு, எவனோ ரோட்டுல இழுத்து விட்டிருந்த சேத்துல இவரு லாரி வழுக்கி ஒரு பைக்ல மோதிச்சு. இவர் மேல தப்பில்லன்னு சாட்சி சொல்லப் போயிருந்தேன்."

"நீங்க பார்த்தீங்களா?"

"பின்சீட்ல உக்காந்திருந்தேனே சார்" என்றாள் கார்முகில். "வண்டி ஓட்டினது என் வூட்டுக்காரரு."