கோழிக்கு வந்த கட்டி

மூன்று மாதமாகக் கிருஷ்ணம்மா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

ஜெஸீமாவின் மார்பில் கட்டி என்று தெரிந்த வாரத்தோடு சரி. இத்தனைக்கும் அடுத்த வீடு. ஒரு நாளைக்கு நாலு தடவை வருகிறவள், இப்போது வேலியோரம் ஜெஸீமாவின் தலை தெரிந்தாலே உள்ளே போய்விடுகிறாள்.

"புத்துநோய் கிருமியால வருதாம். தொத்திக்குமாம்" என்று அந்த 1936ஆம் வருஷம் மாத்தளைக் கடைத்தெருவில் பேச்சு. ஊர் ஒதுங்கியது ஜெஸீமாவுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கூடப்பிறந்தவள் மாதிரி இருந்தவள் ஒதுங்கியதுதான் தாங்கவில்லை.

மறுநாள் கண்டியில் ஆப்பரேஷன். அங்கே சேர்வதற்கான துண்டுச்சீட்டு வாங்கப் போன இடத்தில் டாக்டர் சோமசுந்தரத்திடம் கேட்டே விட்டாள்.

"என் நோய் தொத்துமா ஐயா?"

"ஓ, கடைத்தெருவுல பேசிக்கிற அந்தக் கோழிக் கதையா?" என்றார் டாக்டர். "இருபத்தஞ்சு வருசத்துக்கு முன்ன அமெரிக்காவுல ஒரு கோழிக்கு வந்த கட்டிய அரைச்சு வடிகட்டி, அந்தத் தண்ணிய நல்ல கோழிக்கு ஊசியில ஏத்தினாங்க. அதுக்கும் கட்டி வந்திடுச்சு. வடிகட்டியில சிக்காத அவ்வளவு சின்னக் கிருமி. உடம்புல உள்ள அணுவுக்கு எப்பப் பெருகணும், எப்ப நிக்கணும்னு தெரியும். இது உள்ள பூந்து, நிக்கிறத மறக்கடிச்சிடுது போல. எப்படின்னு இன்னும் யாருக்கும் புரியல."

"அப்ப எனக்கு?"

"கோழிக் கிருமி கோழியோட சரிம்மா. மனுசருக்கு வந்ததா யாரும் கண்டதில்ல. உங்ககிட்ட இருந்தும் யாருக்கும் தொத்தாது. தைரியமாப் போயிட்டு வாங்க."

ஜெஸீமா வீட்டுக்குப் போகவில்லை. நேரே கிருஷ்ணம்மாவின் வாசலில் போய் நின்றாள். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்காமல் கண்டிக்குப் போவதாக இல்லை.

"அக்கா! தொத்தாதாம். டாக்டரே சொல்லிட்டார். இனி பயப்படாம என் மூஞ்சியப் பார்க்கலாம்!"

கிருஷ்ணம்மா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பின்னால் கோழிக்கூடு திறந்து கிடந்தது. ஒரு கோழிகூட இல்லை.

"எனக்குத் தொத்தும்னா நான் வராம இருந்தேன்? அந்தக் கிருமி கோழியிலதான் இருக்குதுன்னு கடையில பேசிக்கிட்டாங்க புள்ள. நீ புள்ள பெத்து நாப்பது நாளும் நான் குடுத்த கோழியத்தானே அறுத்து சூப்பு வச்சுக் குடிச்ச? மிச்சம் இருந்ததையெல்லாம் கொன்னு பொதைச்சிட்டேன். என் கையால ஒனக்கு நோவக் குடுத்துட்டு, எந்த மொகத்தோட ஒன் வாசல மிதிப்பேன்?"

ஜெஸீமா அவள் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு, டாக்டர் சொன்னதை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.